நான் செய்த மொழிபெயர்ப்பு

அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் பதினோரு வயதில், அவர் என் பள்ளிக்கூட வாசலில் வண்டியை விட்டு இறங்காமல் பார்த்துக்கொள்ளும் சாமர்த்தியம் எனக்கு இருந்தது. அவர் ஈரோட்டுப் பக்கத்தில் கால்நடை மருத்துவராக இருந்தவர். அம்மாவின் நர்ஸ் வேலையை நம்பி ஹூஸ்டனுக்கு வந்தபின், ஒரு ஆய்வுக்கூடத்தில் எலிக்கூண்டுகளைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

தொண்ணூற்றாறாம் வருடக் கோடை லீவில் எங்களைத் தெற்கே ஒரு பண்ணையைப் பார்க்க அழைத்துப்போனார். ஸ்பானிஷ்காரர்கள் காலத்தில் ஏற்பட்ட மேய்ச்சல் நிலம். பக்கத்திலேயே அவர்கள் கட்டிய பழைய சுண்ணாம்புக்கல் தேவாலயம், அதைத் தாண்டி ஒரு மணி நேரத்தில் கடற்கரை. எனக்குக் கடற்கரை மட்டும் போதும் என்றிருந்தது.

டிராக்டர் இழுத்த வண்டியில் வைக்கோல் கட்டுகள்மேல் உட்கார்ந்து போனோம். கண்ணுக்கெட்டிய மட்டும் புல். அப்பாவுக்கு உட்காரவே முடியவில்லை. "கண்ணு, அங்க பாரு, நம்மூரு சீமைக்கருவேலம்!" என்று கத்தினார். திமில் வைத்த மாடுகளைக் கண்டதும், இவற்றின் முப்பாட்டன் இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தவன் என்று வழிகாட்டிப் பெண்மணியிடம் இங்கிலீஷில் விளக்கத் தொடங்கினார். அந்த அம்மாள் மூன்று முறை, "மன்னிக்கணும், என்ன சொன்னீங்க?" என்றாள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, அன்று காலையில்தான் சிநேகமாகியிருந்த செம்பட்டைமுடிப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

பட்டி ஒன்றின் அருகே வண்டி நின்றது. உள்ளே ஒரு மாடு படுத்து முக்கிக்கொண்டிருந்தது. கன்றின் மூக்கும் ஒரே ஒரு குளம்பும் வெளியே தெரிந்தன. இரண்டு வேலையாட்கள் அந்தக் குளம்பில் சங்கிலி மாட்டி இழுத்துக்கொண்டிருந்தார்கள். மாட்டு டாக்டருக்குச் சொல்லியாயிற்று, வந்து சேர நேரமாகும் என்றாள் வழிகாட்டி. அப்பா வண்டியிலிருந்து குதித்து வேலியோரம் ஓடினார்.

"நோ புல்! புஷ்! ஃபர்ஸ்ட் புஷ்!" என்றார். பதற்றத்தில் வார்த்தைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. வேலையாட்கள் விழித்தார்கள். வண்டியிலிருந்த அத்தனை பேரும் அவரைப் பார்த்தார்கள். நான் அவரை அடக்க இறங்கி ஓடினேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணு, நீ சொல்லு. ஒரு கால் உள்ள மடங்கிக் கெடக்குது. இப்படி இழுத்தா கன்னு செத்துப்போயிரும். உள்ள தள்ளிக் காலை நேராக்கோணும். நான் டாக்டர், நான் பண்றேன்னு சொல்லு."

வழிகாட்டி குனிந்து, "உங்கப்பா என்ன சொல்றார், செல்லம்?" என்று கேட்டாள். செம்பட்டைமுடிப் பெண் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லியிருந்தால் அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு, தோள்வரை கையை உள்ளே விட்டு, அந்தக் கோலத்தில் எல்லோர் முன்னாலும் நின்றிருப்பார். சுத்தமான அமெரிக்க இங்கிலீஷில் நான் சொன்னேன்:

"ஒண்ணுமில்லை. அப்பாவுக்கு ரத்தத்தைப் பார்த்தால் பயம்."

அவள் இரக்கத்தோடு சிரித்து, அப்பாவின் முதுகில் தட்டிக்கொடுத்து, வேலியிலிருந்து நகர்த்திக் கூட்டிவந்தாள். அப்பா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு, வழிகாட்டி சொன்னபடி வந்து வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்தார். அவர் கைகள் மட்டும் மடியில் எதையோ பிடித்துத் திருப்புவதுபோல் அசைந்துகொண்டிருந்தன.

கன்று செத்துத்தான் வெளியே வந்தது. தாய்மாடு எழுந்து அதை நக்கத் தொடங்கியதும் டிராக்டரைக் கிளப்பிவிட்டார்கள். குழந்தைகள் பார்க்கவேண்டாம் என்று.

தேவாலயத்தையும் பார்த்தோம். அம்மா கடற்கரைக்கு நேரமாகிறது என்றபோது, வேண்டாம், வீட்டுக்குப் போகலாம் என்றேன். காரில் அம்மா கேட்டாள்: "ஏனுங்க, நீங்க டாக்டருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க?" அவள் டிராக்டர் வண்டியின் கடைசியில் இருந்ததால் வேலியோரம் பேசியது எதையும் கேட்டிருக்கவில்லை.

"சொன்னேன். என்ற இங்கிலீஷு அவங்களுக்குப் புடிபடலை" என்றார் அப்பா.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நான் சொன்னது இவருக்குப் புரியவில்லை! தப்பித்தேன் என்று பின்சீட்டில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டேன். ரேடியோவில் ஒருவன் மூச்சுவிடாமல் இங்கிலீஷில் வானிலை அறிக்கை வாசித்துக்கொண்டிருந்தான். அப்பா அதைக் கேட்டுக்கொண்டே வந்து, "சாயங்காலம் ஹூஸ்டன்ல இடியோட மழையாம். ஃப்ரீவேயில தண்ணி நிக்குமாம், வேற வழியில போயிரலாம்" என்று அம்மாவிடம் சொன்னார். அதையும் நான் கேட்டேன். கேட்டுவிட்டு, நிம்மதியாகத் தூங்கிப்போனேன்.