மூக்குக்கண்ணாடிக் கடையின் மங்கிய பலகை

விளம்பரப் பலகைகளைக் கணினியில் வடிவமைக்கும் அவரைத் தெருவே ‘பிசிறு’ என்றுதான் கூப்பிடும். எதைக் காட்டினாலும் கண்ணைச் சுருக்கி, “ஓரத்துல பிசிறு தெரியுது பாருங்க” என்பார். பச்சைக் குழந்தையைக் காட்டினாலும் அதையே சொல்லுவான் என்பது அவருடைய அக்காவின் கட்சி.

போனில் எடுத்த படத்தை நீட்டும் வாடிக்கையாளருக்குப் பாடமே நடத்துவார். “இது பிட்மேப். எல்லாம் புள்ளி. பெருசாக்கினா கட்டம் கட்டமா பல்லிளிக்கும். வெக்டர்னா கோடு. மலை அளவு இழுத்தாலும் மழுங்காது.”

அக்காவும் மாமாவும் மூக்குக்கண்ணாடிக் கடை திறக்க இருந்தார்கள். பலகையை வெளியாளிடம் கொடுக்கலாம் என்றார் மாமா. “என் தம்பி இருக்கும்போது இன்னொருத்தனா?” என்று அக்கா அவர் வாயை அடைத்தாள்.

திறப்பு நாள் காலையில் பலகையை மூடியிருந்த துணியை அவளே இழுத்தாள். கடையின் பெயர் பனிமூட்டத்துக்குள் நின்றது. பிசிறு தன் கண்ணைத்தான் முதலில் சந்தேகப்பட்டார். தேய்த்துப் பார்த்தும் பனி விலகவில்லை.

“என்னடா இது?” என்றாள் அக்கா.

பலகையைப் பத்தில் ஒரு பங்கு அளவில் வரைந்து, கடைசியில் பத்து மடங்கு இழுப்பது அவர் வழக்கம். எழுத்துக்குப் பின்னால் நிழல் வேண்டுமென்று மாமா கேட்டிருந்தார். அதற்காக எழுத்தையும் நிழலையும் சேர்த்து, அந்தச் சின்ன அளவிலேயே பிட்மேப்பாக்கியவர், அதை மறந்து இழுத்துவிட்டார். அச்சகத்திலிருந்து சுருட்டி வந்ததை யாரும் பிரித்துப் பார்க்காமல் சட்டத்தில் அடித்துவிட்டார்கள்.

கீழ் மூலையில் அவருடைய பெயரும் போன் நம்பரும் இருந்தன. அதற்கு யாரும் நிழல் கேட்கவில்லை. வெக்டராகவே இருந்த அது, பிளேடு முனைபோல் பளிச்சென்று தெரிந்தது.

“சாயங்காலத்துக்குள்ள மாத்திடறேன் மாமா” என்று ஏணியைத் தேடினார்.

அப்போது எதிர்ச்சாரியில் ஒரு பெரியவர் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, பலகையைப் பார்த்து, மறுபடி துடைத்தார். பிறகு நேராகக் கடைக்குள் வந்தார்.

“கண்ணைச் சோதிக்கணும்பா. பெரிய எழுத்து கலங்குது, பொடி எழுத்து தெளிவாத் தெரியுது. இது என்ன வியாதி?”

“உங்க கண்ணுக்கு ஒண்ணும் இல்லீங்க. எல்லாம் என் தம்பி வேலை” என்றாள் அக்கா.

“எதுக்கும் பார்த்துடுங்க” என்று பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மாமாவின் முகம் மலர்ந்தது. “மாப்ள, ஏணியத் தொட்ட, தெரியும் சேதி. போர்டு அப்படியே இருக்கட்டும்.”

“அப்படியேவா?” பிசிறு கீழ் மூலையைப் பார்த்தார். “அப்போ என் பேரையாவது கொஞ்சம் மங்கலாக்கிக்கறேன் மாமா!”