ஓட்டையைப் போட்டவரே அடைக்கட்டும்

பெரம்பலூரிலிருந்து மாற்றலாகி அரியலூர்ப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்த காலம். எழுபதுகளின் கடைசி. ரத்தம் எடுப்பதில் என்னை விட்டால் ஆளில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு. அந்தக் கொழுப்பை ஒரு பச்சைப்பிள்ளையின் குதிகால் கரைத்துவிட்டது.

உடையார்பாளையம் பக்கத்திலிருந்து, வீட்டில் பிறந்த மூன்று நாள் பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். தொப்புளில் ரத்தம் கசிந்து துணி நனைந்துகொண்டே இருந்தது. டாக்டரம்மா பார்த்ததுமே, "கிளாட்டிங் டைம் பாருங்க" என்றார்.

ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்ற கணக்கு அது. குதிகாலில் குத்தி, மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை ஏற்றி, அரை நிமிஷத்துக்கு ஒருமுறை முறித்துப் பார்க்க வேண்டும். ரத்தம் உறைந்தால் முறிவில் நூல் போல இழுபடும். குழாய் முழுக்க முறித்துத் தீர்த்தேன், நூலைக் காணோம். ரத்தம் உறைவதற்கான வைட்டமின் கே ஊசியை டாக்டரம்மா போட்டார். என் வேலை முடிந்தது என்று எழுந்தேன்.

பிள்ளையின் தாய்மாமன் வழியை மறித்தார். "எங்க சார் கெளம்பிட்டீங்க? தொப்புள்ல மட்டுந்தான் வடிஞ்சிச்சு. இப்ப கால்லயும் வடியுது. ஓட்டையப் போட்டவரே அடைச்சுட்டுப் போங்க!"

திரும்பிப் பார்த்தேன். காலில் வைத்த பஞ்சு முழுக்கச் சிவப்பு. உட்கார்ந்து கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தேன். விரலை எடுத்தால் கசிந்தது. லேப் வாசலில் காத்திருந்தவர்கள் வார்டுக்கே வந்து என்னை ஏசினார்கள். மூக்கு வேறு அரித்தது; இரண்டு கையும் பிள்ளையின் காலில் இருக்க, மூக்கைச் சுளித்துக்கொண்டிருந்தேன்.

"நான் வேணா சொறிஞ்சு விடட்டுமா சார்?" என்றார் மாமன், சிரிக்காமல்.

மதியம் டாக்டரம்மா வந்தார். "ரிப்பீட் பண்ணுங்க. இப்பவும் உறையலன்னா திருச்சிக்கு அனுப்பியாகணும்."

அவ்வளவு தூரம் பிள்ளை தாங்குமா என்று எனக்கே பயம். ஆனால் ரிப்பீட் என்றால் இன்னொரு குத்து.

"மறுபடியுமா? மனசாட்சியே இல்லயா சார் ஒங்களுக்கு?" என்று மாமன் எகிறினார்.

பிள்ளையின் தாய்தான் அழுதுகொண்டே மறுகாலை எடுத்து நீட்டினாள். "குத்துங்க சார். என்னன்னு தெரிஞ்சாத்தானே பொழைக்க வைப்பீங்க?"

குத்தினேன். முறித்தேன். மறுபடி முறித்தேன். அடுத்த முறிவில், அப்பாடா, நூல்! "வந்துடுச்சு!" என்று நான் போட்ட கூச்சலில் பிள்ளை வீறிட்டது.

"எத்தனை நிமிஷம்?" என்றார் டாக்டரம்மா.

மேசையைப் பார்த்தேன். பதற்றத்தில் ஸ்டாப்வாட்சை அழுத்தவே இல்லை. விஷயத்தைச் சொன்னதும் மாமன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! மூன்றாவது குத்து என்றால் எனக்குத்தான் கட்டுப் போட வேண்டியிருக்கும்.

டாக்டரம்மா குனிந்து பிள்ளையைப் பார்த்தார். குத்திய இரண்டு இடங்களையும் இப்போது யாரும் அழுத்தவில்லை, ரத்தம் தானாகவே நின்றிருந்தது. மாற்றிக் கட்டிய தொப்புள் துணியும் காய்ந்தே இருந்தது.

"காலே ரிசல்ட் சொல்லிடுச்சே. நீங்க போய்ச் சாப்பிடுங்க" என்றார்.

புதிதாக லேபுக்கு வரும் பிள்ளைகளே, வாட்சை அழுத்த மறக்காதீர்கள். அதைவிட முக்கியம், குத்திய இடத்தில் ரத்தம் நின்றதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள். எல்லா வார்டிலும் ஒரு தாய்மாமன் இருக்க மாட்டார்.