விளக்கு வைக்காத வீட்டில் கீரை விருந்து

போன கிருத்திகையன்று எங்கள் வீட்டில் அந்தி விளக்கு ஏற்றவில்லை.

உடனே நான் நாத்திகனாகிவிட்டேன் என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுத உட்கார்ந்துவிடாதீர்கள். கிருத்திகையும் அதுவுமாக முருகனைப் பகைத்துக்கொள்ள எனக்குத் தைரியம் கிடையாது. என் மனைவி பொன்னம்மாளைப் பகைத்துக்கொள்ளும் தைரியம் அறவே கிடையாது. விளக்கை ஏற்றாமல் விட்டவளே அவள்தான். கல்யாணமான நாளிலிருந்து ஒரு சாயங்காலம்கூடத் தவறாதவள்!

காரணம்? பாதி ஜப்பான்காரன். மீதி... கீரை.

கீரை எங்கள் வீட்டில் குடியேறிய கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்க்கும் கப்பல் ஆபீஸில் சில மாதங்களுக்கு முன் ஒரு சர்க்குலர் வந்தது. பர்மாவிலிருந்து இனி அரிசிக் கப்பல் வராது. ஆகவே சிப்பந்திகள் ஒவ்வொருவரும் வீட்டுக் கொல்லையில் காய்கறி பயிரிட்டு யுத்தத்துக்கு ஒத்தாசை செய்ய வேண்டும். கையெழுத்துப் போட்டவர் எங்கள் துரை. அவர் பங்களாவில் ரோஜாச் செடி மட்டும்தான் உண்டு என்பதை நான் சொல்லவில்லை. என்னை யாரும் கேட்கவும் இல்லை.

விதையும் கொடுத்தார்கள். முட்டைக்கோஸ், பீட்ரூட், காரட் — நீலகிரியில் விளைவதெல்லாம். எங்கள் கொல்லையில் இருப்பதோ கடற்கரை மணல். கிணற்றில் இருப்பது உப்புத் தண்ணீர். வெயில் இன்னும் கொஞ்சம் அடித்தால் பாத்தியில் உப்பை வாரிவிடலாம். முட்டைக்கோஸ் தலையே காட்டவில்லை. பீட்ரூட் பூமிக்கு அடியில் போனது, போனதுதான். இன்றுவரை தகவல் இல்லை.

சலித்துப்போய், பொன்னம்மாள் கொடுத்த கீரை விதையைத் தூவினேன். வந்தது பாருங்கள்... முளைக்கீரை, தண்டுக்கீரை, மணத்தக்காளி. வேலியோரத்து முருங்கைக்கும் திடீரென்று தேசபக்தி வந்து தழைய ஆரம்பித்தது. அறுக்க அறுக்க வந்தது. அண்டை வீட்டுக்குக் கொடுத்தோம். அண்டை வீட்டிலும் அதே சர்க்குலர். அவர்கள் எங்களுக்குக் கொடுத்தார்கள். தெருவே ஒருவருக்கொருவர் கீரையைக் கொடுத்து, வாங்கி, சிரித்துக்கொண்டிருந்தோம்.

வேறு காய் வாங்கக்கூடாதா என்பீர்கள். இது முத்து எடுக்கும் ஊர் என்று வெளியூரில் உங்களுக்கெல்லாம் ஒரு நினைப்பு. இன்றைக்கு எங்கள் மார்க்கெட்டில் சொத்தை இல்லாத கத்தரிக்காய் ஒன்று கிடைத்தால் அதைத்தான் நகைப்பெட்டியில் வைக்க வேண்டும். மாப்பிள்ளையூரணிப் பக்கமிருந்து வருகிற காய்கறியெல்லாம் ஊருக்குள் நுழையும் முன்பே பட்டாளத்துக்குப் போய்விடுகிறது. மீன் மட்டும் வேண்டிய மட்டும் உண்டு.

இந்த நிலைமையில்தான் தகவல் வந்தது — திருச்செந்தூரிலிருந்து ஆறுமுகம் மச்சான் வருகிறார்.

ஆறுமுகம் மச்சான் என் மனைவியின் அண்ணன். அவளுக்குக் கூடப் பிறந்தது அவர் ஒருவர்தான். அம்மா, அப்பா இல்லை. கோயில் வாசலில் தேங்காய் பழக் கடை வைத்திருக்கிறார். விரதம், ஆசாரம் எல்லாம் கெட்டியாகப் பிடிக்கிறவர். அவர் எங்கள் வாசற்படி மிதித்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. காரணம், ஒரு பஸ்.

எங்கள் மகள் வடிவுக்குக் காது குத்திய அன்று நடந்தது அது. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். தாய்மாமன் ஏறி வந்த பஸ் ஆத்தூர்ப் பக்கம் நடுரோட்டில் படுத்துக்கொண்டது. முகூர்த்தம் போகிறது, முகூர்த்தம் போகிறது என்று சோசியர் குதித்தார். கடைசியில் என் பெரியப்பா மகன் மடியில் உட்கார வைத்துக் குத்தியாயிற்று. மச்சான் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தபோது பிள்ளை அழுது முடித்து மிட்டாய் தின்றுகொண்டிருந்தது.

இலை போட்டுக் கூப்பிட்டோம். "இனிமே இந்த வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன்," என்றார். திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டார். நியாயமாக அவருக்குப் பஸ் கம்பெனி மேல்தான் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால், பஸ் கம்பெனியா இவருக்குத் தங்கச்சி?

அதன் பிறகும் பொங்கல் சீர் வந்தது; யாரிடமாவது கொடுத்தனுப்புவார். ஆள் வரவில்லை. பொன்னம்மாள் அதைப் பற்றி வாயே திறக்கமாட்டாள். சீர்ப் பானையைத் துடைத்து வைக்கும்போது மட்டும் ரொம்ப நேரம் துடைப்பாள்.

இப்போது துறைமுகத்தில் ஏதோ சரக்கு விஷயமாக வருகிறாராம். வேலை முடிந்து மத்தியானம் வீட்டுக்கு வந்து பிள்ளையைப் பார்ப்பாராம். "அன்னைக்குக் கிருத்திகை, ஒரு பொழுதுதான் சாப்பாடு. பாப்போம்," என்று சொல்லியனுப்பியிருந்தார். அந்தப் 'பாப்போம்' ஒன்றைப் பிடித்துக்கொண்டு பொன்னம்மாள் வீட்டையே இரண்டு தடவை கழுவிவிட்டாள்.

"அண்ணன் இந்தத் தடவையும் சாப்பிடாமப் போனா, எனக்குப் பொறந்த வீடே இல்லன்னு வச்சுக்கிடுங்க," என்றாள் என்னிடம். சொல்லும்போது குரல் உடைந்தது. எனக்கு வேடிக்கை பேச வரவில்லை.

சரி, என்ன சமைப்பது? கிருத்திகையில் மீன் பேச்சே கிடையாது. மார்க்கெட்டில் காய் கிடையாது. கொல்லையைப் பார்த்தோம். கொல்லை எங்களைப் பார்த்தது.

அன்று அவள் சமைத்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முளைக்கீரையைச் சட்டியில் மூடாமல் வேகவைத்து — மூடினால் நிறம் போய்விடுமாம் — சீரகமும் மிளகாயும் போட்டு மத்தால் கடைந்து ஒரு மசியல். தண்டுக்கீரையின் தண்டை விரல் நீளம் நறுக்கி, நார் உரித்து, புளிக்குழம்பு. மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பாலில் கொதிக்கவிட்டு ஒரு பால்குழம்பு. முருங்கைக்கீரையும் பாசிப்பருப்பும் தேங்காய்த் துருவலும் சேர்த்து ஒரு துவட்டல். விரதச் சாப்பாடு, பூண்டு வெங்காயம் கூடாது. முருங்கைக்கீரை ஆயும் உத்தியோகம் எனக்கு. ஒரு முருங்கைக் கொப்பை ஆய்ந்து முடிப்பதற்குள் ஒரு கப்பலில் சரக்கு ஏற்றிவிடலாம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

உச்சிப் பொழுதுக்கு எல்லாம் தயார். இலை நறுக்கி வைத்தாயிற்று. மச்சானைத்தான் காணோம்.

இப்போது ஓடுவது கரி பஸ் அல்லவா? பெட்ரோலுக்குப் பதில் கரியைப் போட்டு, பின்னால் ஒரு கொதிகலனைக் கட்டிக்கொண்டு, மேட்டைக் கண்டால் பிரயாணிகளை இறங்கித் தள்ளச் சொல்லும் அந்த அற்புத வாகனம். பொன்னம்மாள் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். நான் பேசாமல் இருந்தேன், அதுவே குற்றமாயிற்று. பேசினேன், அது பெரிய குற்றமாயிற்று.

மச்சான் வந்து சேர்ந்தபோது சூரியன் அடங்கிக்கொண்டிருந்தது. முகமெல்லாம் கரி. துறைமுக ஆபீஸையும் அடைத்துவிட்டார்கள். பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் அவர் வயிற்றில் இல்லை.

"வாங்க மச்சான்."

"வாரேன் மாப்பிள. வீட்டுல உள்ளவங்க சௌக்கியந்தான?" என்றார். வீட்டில் உள்ளவள் அவருக்கு ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். "பிள்ளையப் பாத்துட்டுக் கெளம்புதேன். நான் சத்திரத்துல படுத்துக்கிடுவேன். காலையில வேலையப் பாத்துட்டு அப்படியே ஊருக்குப் போயிருவேன்."

அப்போதுதான் எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. விளக்கு வைத்த பிறகு கீரை சாப்பிடக்கூடாது! எங்கள் பக்கத்தில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். விருந்தாளிக்கு ராத்திரியில் கீரை போடுவது அவமரியாதை. கோபித்துக்கொண்டு போன அண்ணனுக்கு, இரண்டு வருஷம் கழித்து, ராத்திரியில், நாலு வகைக் கீரை... அதற்கு அவரை வாசலிலேயே கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிடலாம்.

மோர்ச்சோறு? தயிரும் மோரும் ராத்திரியில் ஆகாத ஜாதிதான். புதிதாக ஏதாவது சமைக்கலாமா? எங்கள் அடுப்பு இருப்பது திறந்த முற்றத்தில். இருட்டடிப்பு அமலில் இருக்கிறது. பொழுது சாய்ந்த பிறகு வெட்டவெளியில் நெருப்புத் தெரிந்தால் வார்டன் விசிலோடு வந்து நிற்பார். ஜப்பான்காரன் விமானத்திலிருந்து எங்கள் அடுப்பைக் குறிவைத்துத்தான் குண்டு போடப்போகிறானாம்.

பூசை மாடத்தில் திரியும் எண்ணெயுமாக விளக்கு தயாராக இருந்தது. ஜன்னல்களில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருக்கிறோம். உள்ளே சின்ன விளக்கு ஏற்றத் தடை இல்லை. நேரம் ஆகிவிட்டது. பொன்னம்மாள் மாடத்தருகே போய் நின்றாள். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு திரும்பிப் போய், வீட்டிலுள்ள ஜன்னல்களையெல்லாம் ஒவ்வொன்றாக விரியத் திறந்துவிட்டாள்.

"காத்து வரட்டும்," என்றாள்.

தூத்துக்குடியில் காற்றுக்கா பஞ்சம்? நான் விழித்தேன்.

இருட்டிக்கொண்டு வந்தது. மச்சானுக்குப் பொறுக்கவில்லை. ஆசாரக்காரர் அல்லவா?

"மாப்பிள, விளக்கு வைக்கலையா? கிருத்திகையாச்சே?"

பதில் பொன்னம்மாளிடமிருந்து வந்தது. "ஜன்னல் தொறந்திருக்குண்ணே. தொறந்திருந்தா விளக்கு வைக்கப்படாது, சட்டம். விளக்கு வச்ச பொறவுதான ராத்திரி? இலை போடட்டுமா?"

ஹைகோர்ட் வக்கீல்கூட இப்படி ஒரு பாயிண்டை எடுத்திருக்கமாட்டார்.

மச்சானுடைய ஆசாரமும் வயிறும் இருட்டில் வாதாடிக்கொண்டிருந்தன. அந்தச் சமயம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே செருப்புச் சத்தம். சூசை அண்ணாச்சி — பகலில் தோணித்துறையில் மேஸ்திரி, பொழுது சாய்ந்தால் எங்கள் தெரு வார்டன்.

"ஜன்னல்லாம் ஏன் தொறந்து கெடக்கு?" என்றார்.

"உள்ள விளக்கு இல்ல அண்ணாச்சி," என்றேன்.

மச்சான் எழுந்து ஜன்னலருகே போனார். "ஏன் அண்ணாச்சி, இந்த ஊருல எப்பத்தான் விளக்கு வைப்பீக?"

தெருவிளக்கைக் கேட்கிறார் என்று அண்ணாச்சி எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. "யுத்தம் முடியட்டும். அது வரைக்கும் ஒருத்தரும் வைக்கப்படாது. சர்க்கார் உத்தரவு," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மச்சான் திரும்பி வந்தார். "இன்னும் ராத்திரியாகலன்னு சர்க்காரே சொல்லுதான். நாம என்னத்தச் சொல்ல," என்று முனகிக்கொண்டே பொன்னம்மாள் அதற்குள் போட்டிருந்த இலை முன்னால் உட்கார்ந்தார். செம்பிலிருந்து தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கை நனைத்துவிட்டார்!

பொன்னம்மாள் தடவித் தடவிப் பரிமாறினாள். முதலில் மசியல்.

"எப்படிண்ணே இருக்கு?"

"நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு," என்றார் மச்சான். கலெக்டர் வீட்டில் விருந்து சாப்பிடுகிறவரின் குரல்.

மனசில் கோபம் வைத்திருக்கிறவன்தான் அப்படிப் புகழ்வான். அழகாகப் பாராட்டிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவான். பிறகு ஜன்மத்துக்கும் வரமாட்டான்.

துவட்டல் வைத்தாள். "பிரமாதம்," என்றார். பால்குழம்பு ஊற்றினாள். "அதுவும் பிரமாதம்." எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. கடைசியாகத் தண்டுக் குழம்பு. ஒரு வாய் வைத்தவர் நிறுத்திவிட்டார்.

"ஏளா," என்றார்.

வந்ததிலிருந்து தங்கச்சியை அவர் நேராகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை; நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"இதென்னளா குழம்பு? புளியக் கரைச்சு ஊத்துனியா, கவுத்து ஊத்துனியா? அம்மை குழம்பு வைக்கும்போது நீ பக்கத்துல நின்னு பாத்ததே இல்லையா?"

"மறந்துட்டேண்ணே."

"மறப்ப, மறப்ப. மசியல்ல சீரகம் வாசத்துக்குக்கூட இல்ல. துவட்டல்ல ஒரே ஈர்க்கு, பல்லுல குத்துது. யாரு ஆஞ்சது?"

"அவுகதான்."

"அதான் பாத்தேன். சரி, இன்னும் கொஞ்சம் சோறு போடு. அந்தக் குழம்பையே ஊத்து."

இருட்டில் அவள் முகம் தெரியவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. சோற்றை இலையில் போட்டாளா, தரையில் போட்டாளா தெரியாது, அவரும் கேட்கவில்லை.

சாப்பிட்டுக் கை கழுவிய மச்சான், "பாயி எங்க கெடக்கு?" என்றார். சத்திரத்துப் பேச்சை எடுக்கவே இல்லை.

ஆகவே, உறவுக்காரர் யாராவது உங்கள் வீட்டுச் சாப்பாட்டை ஓயாமல் புகழ்ந்தால் கொஞ்சம் கவலைப்படுங்கள். குறை சொல்கிறவர்தான் மறுபடியும் வருவார்.

இந்த அரிய உண்மையைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில், அடுத்த தடவை தண்டுக் குழம்பு வைத்தபோது நானும் உரிமையோடு, "புளி கொஞ்சம் கூடிப் போச்சு," என்றேன்.

இந்தப் பத்தியை அடுப்படியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நான் வைத்த சோறு கொதிக்கிறது.