விளங்கிக்கறது உங்க பாடு

மலையைவிட்டு இறங்கினால் என் அம்மாவுக்கு வாய் மூடிக்கொள்ளும். மேலே திருப்புலி நாட்டில் அவள் வாய்க்கு அஞ்சாதவர்கள் கிடையாது. மரவள்ளிக் காட்டில் நின்று அவள் ஒரு குரல் கொடுத்தால் எதிர்ச் சரிவில் மேயும் எங்கள் மாடு தலைதூக்கிப் பார்க்கும். அப்படிப்பட்டவள், பஸ் கடைசி வளைவு திரும்பி அடிவாரத்துக் காரவள்ளி கண்ணில் பட்டதும், மடியிலிருந்து ஓர் எலுமிச்சையை எடுத்து மூக்கில் வைத்துக்கொள்வாள். அதன்பிறகு திரும்ப மலையேறும்வரை 'ம்' கொட்டுவதோடு சரி.

எழுபது கொண்டை ஊசி வளைவுகள். குடலைப் புரட்டாமல் என்ன செய்யும்? வாந்திக்குப் பயந்துதான் அம்மா வாயைத் திறப்பதில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

அவளுக்குப் பதிலாக நான்தான் பேசுவேன். அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. மிளகு விற்கப் போகும் பாய் கடையில், "ஐயா, மிளகு கொண்டுவந்திருக்கிறோம்" என்று பாடப்புத்தகம் மாதிரி ஒப்பிப்பேன். கடைக்கார பாய் நல்ல மனுஷர். அம்மாவிடம் மட்டும் சத்தமாக, கைச்சாடை காட்டித்தான் பேசுவார். வியாபாரிகளின் வழக்கம் அப்படி என்று நினைத்துக்கொண்டேன். எடை போடுகிற அண்ணன் சாக்குக்குள் கையைவிட்டு அளைந்து, "காயல" என்று ஒரு வார்த்தை சொல்லி, எடையில் கழித்துவிடுவார். அம்மா அதற்கும் 'ம்' என்பாள்.

எனக்கு ஒன்பது வயதாகும்போது, பின்லாந்தில் நர்ஸாக இருந்த சித்தி விடுமுறைக்கு வந்தாள். அம்மாவின் ஒரே தங்கை. சேலத்தில் படித்துவிட்டு, அந்த நாட்டின் கிழக்கே, ஏரிகளுக்கு நடுவிலிருந்த ஒரு சின்ன ஊரில் முதியோர் இல்லத்து வேலைக்குப் போனவள். எங்களுக்காக ஒரு கறுப்பு மிட்டாய் கொண்டுவந்திருந்தாள். உப்புக் கரித்தது. மரியாதைக்காக ஒன்றைத் தின்றுவிட்டு மீதியை மாட்டுக்குக் கொடுத்தேன். மாட்டுக்கு என் அளவுக்கு மரியாதை தெரியாது, துப்பிவிட்டது.

அந்த ஊர்ப் பேச்சைச் சித்தி அங்கே படுத்திருந்த முதிய பெண்களிடமிருந்தே கற்றுக்கொண்டாள். பின்லாந்திலும் சீமைக்குச் சீமை பேச்சு மாறுமாம். மூன்று என்பதைத் தலைநகரத்தில் 'கொல்மெ' என்று வெட்டிச் சொல்வார்கள். சித்தி இருந்த சாவோ சீமையில் 'கொலொமெ' என்று இழுப்பார்கள். டிவியில் ஒரு பட்டிக்காட்டானைக் காட்டிச் சிரிக்கவைக்க வேண்டுமென்றால் அவன் வாயில் சாவோப் பேச்சைப் போட்டுவிடுவார்களாம். பனி கொட்டுகிற தேசமானாலும் இந்தக் கேலிக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

சித்தி தலைநகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள். அது கிடைத்தால் வருஷா வருஷம் ஊருக்கு வந்துபோகலாம் என்றாள். அவளைவிட எனக்குத்தான் அந்த வேலை அவசரமாகத் தேவைப்பட்டது. போனில் முகம் பார்த்துத்தான் நேர்காணல். எங்கள் ஊரில் அப்போது பாறைமேல் ஏறி நின்றால் குரல் கேட்கும், முகம் வராது. அதனால் மிளகுச் சாக்கோடு சித்தியையும் கூட்டிக்கொண்டு பாய் கடைக்கே இறங்கினோம்.

பஸ்ஸில் அம்மா புத்தி சொல்லிக்கொண்டே வந்தாள். "இந்தா கண்ணு, அந்த இழுவைப் பேச்செல்லாம் மூட்டை கட்டி வெச்சுப்போட்டு, அவங்களாட்டமே பேசிப்போடு. வேல வந்தாச் சரி."

"நீ கீழ எறங்கி ஊமையாட்டம் நிக்கறயே, அந்த மாதிரியாக்கா?"

"எனக்குப் பஸ்ஸு ஒத்துக்கறதில்லடி" என்று அம்மா எலுமிச்சையை எடுத்துக்கொண்டாள். காரவள்ளி வந்துவிட்டது.

பாய் தன் உள்ளறையைக் கொடுத்தார். ஒரு மூட்டையில் போனைச் சாய்த்துவைத்துச் சித்தி உட்கார்ந்தாள். நான் இன்னொரு மூட்டைமேல் ஏறிக்கொண்டேன். அம்மா வாசற்படியில் நின்றாள். திரையில் இரண்டு வெள்ளை முகங்கள். சித்தி பேச ஆரம்பித்ததும் ஒரு முகம் உதட்டைக் கடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் அது சித்தி சொன்ன ஒரு வார்த்தையைத் திருப்பிச் சொல்லி இழுத்துக் காட்ட, இன்னொரு முகம் வாய்விட்டுச் சிரித்தது.

சித்தி அசையவில்லை. போனில் படம் நின்றுபோவதுபோல அவளும் நின்றுபோனாள் என்று நினைத்தேன். திரும்பி அம்மாவைப் பார்த்தேன். அம்மா மூக்கிலிருந்து எலுமிச்சையை எடுத்திருந்தாள். அந்த மொழியில் ஓர் எழுத்துகூட அவளுக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சிரிப்பு அவளுக்கு நன்றாகத் தெரிந்த சிரிப்பு.

சித்தி மறுபடி பேசினாள். முன்னைவிட நிதானமாக, முன்னைவிட இழுத்து. எனக்கே அந்த இழுவை கேட்டது. கடைசியில் அவர்கள் ஏதோ கேட்க, ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டுப் போனை அணைத்தாள்.

"என்னடி கேட்டாங்க?" என்றாள் அம்மா, கிசுகிசுப்பாக.

"இந்தப் பேச்ச மாத்திக்குவயான்னு கேட்டாங்க. மாட்டேன்னுட்டேன்."

"வேல?"

"கெடைக்காதுக்கா. போகுது உடு. எனக்குச் சோறு போட்ட பேச்சு. நாலு பேரு சிரிக்கறாங்கன்னு அதத் தூக்கிக் குப்பைலயா போடறது?" சித்தியின் கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "அந்தச் சீமைல ஒரு சொலவடை இருக்குது. நாம பேசுனா, பொறுப்பெல்லாம் கேக்கறவங்க தலைலன்னு."

எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. வருஷா வருஷம் வரவேண்டிய சித்தியை ஒரு 'மாட்டேன்' கொண்டுபோய்விட்டதே!

அந்த நேரம் பார்த்து, வெளியே எடைக்கார அண்ணன் எங்கள் சாக்குக்குள் கையைவிட்டு, "காயல" என்றார். வழக்கம்போல நான் பேச எழுந்தேன். என் தோளை அழுத்தி உட்காரவைத்துவிட்டு அம்மா வெளியே போனாள்.

"ஏனுங்க, எப்படிங்க காயலீங்கறீங்க? நல்லாச் சுருக்குன்னு வெயில்ல காயவெச்சுத்தான் அள்ளியாந்தனுங்க. வாயில போட்டுக் கடிச்சுப் பாருங்க. படக்குன்னு ஒடையலீன்னா நானே தூக்கிட்டுப் போயிக்கறனுங்க."

அப்பட்டமான மலைப்பேச்சு. மரவள்ளிக் காட்டுக் குரல். ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எடைக்கார அண்ணன், "அள்ளியாந்த...னுங்களா?" என்று அவளைப்போலவே இழுத்துக் காட்டினார். "என்னம்மா சொல்ற? ஒண்ணும் வெளங்கலயே."

"நான் பேசறத பேசிப்போட்டனுங்க. வெளங்கிக்கறது இனி உங்க பாடுங்க" என்று சொல்லி, அம்மா சாக்கின் வாயைக் கட்ட ஆரம்பித்தாள்.

பாய் கல்லாவைவிட்டு எழுந்து வந்தார். சாக்கிலிருந்து ஒரு மிளகை எடுத்துக் கடித்தார். உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. "கழிவு போடாத" என்று எடைக்காரரிடம் சொல்லிவிட்டு, அம்மாவை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்மா, உனக்குப் பேச்சு வருமா! இத்தன வருசமா ஊமைன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்!"

"பொறந்ததுலருந்தே வருதுங்க பாய்" என்றாள் அம்மா.

சித்தி சிரித்த சிரிப்பில் மூட்டையிலிருந்து கீழே விழாத குறை. நான் சிரிக்கவில்லை. அன்றைக்கு எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு வேலை போயிற்று. ஒன்று சித்தியினுடையது, இன்னொன்று என்னுடையது. என்னுடையதைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை.

சித்தி சாவோவுக்கே திரும்பிப் போனாள். இன்றும் அங்கேதான் இருக்கிறாள், இழுத்துப் பேசிக்கொண்டு. இன்றைக்குக் கோயம்புத்தூரில் ஆபீஸ் மீட்டிங்கில் யாராவது என் பேச்சைக் கேட்டுப் புன்னகைத்தால், நான் இன்னும் கொஞ்சம் இழுப்பேன்.

ஆனால் அன்று எனக்கு அதெல்லாம் எங்கே தெரிந்தது? அடுத்த தடவை இறங்கும்போது, மரத்திலிருந்ததிலேயே பெரிய எலுமிச்சையாகப் பறித்துப்போய், கடைசி வளைவில் அம்மாவிடம் நீட்டினேன். பக்கத்து ஸீட்டுக்காரம்மாவிடம் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தவள், அதை வாங்கிப் பார்த்துவிட்டு என் மடியிலேயே போட்டாள்.

"வாந்தி நின்னுபோச்சாம்மா?" என்று கேட்டேன்.

"எனக்கு எப்ப சாமி வாந்தி வந்துச்சு?" என்று சொல்லிவிட்டு அவள் பேச்சைத் தொடர்ந்தாள்.

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். அம்மா ஒரு நாளும் வாந்தியெடுத்து நான் பார்த்ததில்லை. வளைவுகளெல்லாம் முடிந்தபிறகுதான் எலுமிச்சையை எடுப்பாள் என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பிறகு எதற்காக இத்தனை வருஷமாக அதைச் சுமந்தாள் என்பது எனக்கு விளங்கவில்லை. அவ்வளவு பெரிய எலுமிச்சை வீணாகப் போயிற்றே என்றுதான் காரவள்ளி வரும்வரை வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன்.