பால்பாண்டியின் லண்டன் ரசிகர்

பிரவுசிங் சென்டர் நடத்துவது என்பது, தெரிந்ததைத் தெரியாத மாதிரியும் தெரியாததைத் தெரிந்த மாதிரியும் காட்டிக்கொண்டே சோறு சாப்பிடுகிற தொழில்.

செல்போனுக்குள் உலகம் வருவதற்கு முந்தின அந்தக் காலத்தில், பிளைவுட் தடுப்புக்குள் ஆறு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, கரண்டு போகும்போதெல்லாம் வாடிக்கையாளரிடம் ஏச்சு வாங்கியவர்கள் உங்களில் யாராவது இருந்தால், நீங்களும் நானும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஆனால் நீங்கள் சிவகாசியில் கடை போட்டிருக்க மாட்டீர்கள். நான் போட்டேன். ‘வானவில் நெட் சென்டர்’ என்று பெயர் வைத்து, குத்துவிளக்கு ஏற்றி, சனியனையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

ஏட்டையாவின் முதல் ரவுண்டு

வடக்கே ஏதோ ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து குண்டு மிரட்டல் மெயில் போய்விட்டது என்று, எங்கள் மாதிரிக் கடைகளைக் கண்காணிக்கச் சொல்லி உத்தரவு வந்த நேரம். எங்கள் ஏரியாவுக்குப் புதுசாக மாற்றலாகி வந்த ஏட்டையா தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். நெல்லையும் வாழையையும் பார்த்து வளர்ந்த மனுசன். உள்ளே வந்து முதல் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தார். அலுமினியப் பவுடர் என்ன விலை என்று ஒருவர் தேடிக்கொண்டிருந்தார். இரண்டாவதில் கந்தகம். மூன்றாவதில் பேரியம் நைட்ரேட். ஏட்டையாவுக்கு வேர்த்துவிட்டது. லத்தியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “ஒருத்தரும் எந்திரிக்கக் கூடாது” என்றார்.

‘ஐயா, இவுக எல்லாம் பட்டாசுக் கம்பெனிக் கணக்கப்பிள்ளைக’ என்று சொல்ல வேண்டியவன் நான். பயத்தில் நானும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். என் கடையில், என் கல்லாவுக்குப் பக்கத்தில்! மூன்றாவது சீட்டுக் கணக்கப்பிள்ளைதான் நாற்காலியைக்கூடத் திருப்பாமல் பதில் சொன்னார்: “ஏட்டையா, இந்த ஊர்ல இதைத் தேடாம சும்மா சினிமாப் பாட்டு கேட்டுக்கிட்டு இருக்கான் பாருங்க, அவனைச் சந்தேகப்படுங்க.”

ஓவியர் வந்தார்

பால்பாண்டி பக்கத்து ஊரான விஸ்வநத்தத்துக்காரன். ஒரு அச்சாபீஸில் பட்டாசு லேபிளுக்குப் படம் போடுகிற ஆர்ட்டிஸ்ட். புஸ்வாண டப்பாவில் மயில், சரவெடிப் பாக்கெட்டில் புலி, சங்குச்சக்கரத்தில் யாரோ ஒரு சிரிக்கிற பாப்பா. எதைப் போட்டாலும் பின்னால் ஒரு நெருப்பு வரும். அந்த நெருப்பு மட்டும் டப்பாவைத் தொட்டால் சுடுமோ என்கிற மாதிரி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என் கடைக்கு வந்து, அப்போது ஊரே சிநேகிதம் பிடித்துக்கொண்டிருந்த ஒரு வெப்சைட்டில் தன் படங்களை ஏற்றுவான். யாரும் சீந்தமாட்டார்கள். மாதக்கணக்கில் அவனுக்கு வந்த ஒரே கருத்து நான் எழுதினதுதான்: ‘எங்கள் கடைக்கு வருகை தாருங்கள்.’

ஒருதடவை லேபிளின் ஓரத்தில் சின்னதாகத் தன் பெயரைப் போட்டுக்கொள்ளட்டுமா என்று அச்சாபீஸ் முதலாளியிடம் கேட்டிருக்கிறான். அவர் சொன்ன பதிலை என்னிடம் வந்து சிரித்துக்கொண்டேதான் சொன்னான். சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது, கண்ணுக்கு வரவில்லை. முதலாளி சொன்னாராம்: “ஏலே, வெடியைக் கொளுத்திட்டு டப்பாவைக் குப்பையில போடப் போறாக. ஓம்பேரும் குப்பைக்குப் போகணுமாக்கும்?”

லண்டனிலிருந்து ஒரு பாராட்டு

ஒரு ஞாயிற்றுக்கிழமை பால்பாண்டியின் படத்துக்குக் கீழே பெரிசாக ஒரு பத்தி இங்கிலீஷ் வந்திருந்தது. எழுதினவர் பெயர் ஆர்ட் லவர். ஊர் லண்டன். முகத்துக்குப் பதிலாகச் சூரிய அஸ்தமனம். பால்பாண்டிக்கு இங்கிலீஷ் தெரியாது. எனக்குத் தெரியும் என்று ஊருக்குள் ஒரு வதந்தி இருந்தது. பி.ஏ. சேர்ந்தவன் நான். முடித்தேனா என்று கேட்காதீர்கள். ஒருவழியாக எழுத்துக்கூட்டித் தமிழில் சொன்னேன்: ‘உங்கள் நெருப்புக்கு உயிர் இருக்கிறது. உங்களைப் போன்ற கலைஞனை உங்கள் நாடு மதிக்கவில்லையே என்று வருந்துகிறேன்.’ பால்பாண்டி திரும்பப் படிக்கச் சொன்னான். அப்புறம் இன்னொருதடவை. அப்புறம் அவனே அந்த இங்கிலீஷ் எழுத்துகளைத் தடவிப் பார்த்தான்.

மறுநாள் சாயங்காலம் பெஞ்சாதி செல்லக்கனியையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். அவள் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். நான் ரொம்ப ஸ்டைலாக லண்டன்காரரை வாசித்துக் காட்டினேன். அவள் ஸ்கிரீனைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இதெல்லாம் இன்டர்நெட்டும்மா, ஒனக்குப் புரியாது” என்று கெத்தாக முடித்தேன். அவள் கேட்டாள்: “ஆளு யாருன்னே தெரியாது, அம்புட்டு தூரத்துல இருந்து இம்புட்டு நல்லாச் சொல்றாக. அவுகளுக்கு என்ன வேணும்னு கேட்டீகளா அண்ணாச்சி?”

நெருப்பு ஆர்டர்

கேட்கவில்லை. அவரே சொன்னார். இளைஞர்களுக்காக ஒரு இயக்கம் நடத்துகிறாராம். அதற்குச் சில படங்கள் வேண்டுமாம். முதலில் ஒரு கொடி. அப்புறம் ஓங்கின கை. அப்புறம் துணியால் பாதி முகத்தை மூடின பையன்கள். அப்புறம் ஒரு ரயில்வே ஸ்டேஷன் போட்டோவை அனுப்பி, இதன் பின்னால் உங்கள் நெருப்பைப் போடுங்கள் என்றார். ஒவ்வொரு படத்துக்கும் அரைப் பக்கம் பாராட்டு வரும். அதை நான் வாசிக்க வாசிக்க, பால்பாண்டி அடுத்த படத்தை ஆரம்பித்துவிடுவான்.

எனக்குச் சந்தேகமே வரவில்லையா என்றுதானே கேட்கிறீர்கள்? வந்தது. லண்டனில் யாரோ தமிழ்ப் படம் எடுக்கிறார்கள், அதற்கு விளம்பரம் தயாராகிறது என்று பலமாகச் சந்தேகப்பட்டேன். மேனேஜராக என்னையும் லண்டனுக்குக் கூப்பிடுவார்கள் என்று ஸ்வெட்டர் வரைக்கும் யோசித்துவிட்டேன். “ஸ்டேஷனுக்கு நெருப்பு கொஞ்சம் கம்மியா இருக்குப்பா” என்று யோசனை வேறு சொன்னேன், கூறுகெட்டவன். பால்பாண்டி மௌஸை உருட்டிக்கொண்டே சொன்னான்: “நெருப்புன்னா உலகத்துல எவனா இருந்தாலும் சிவகாசிக்காரன்கிட்டதான் வரணும் அண்ணாச்சி.”

அனுப்பாமலே அனுப்புவது எப்படி?

கொஞ்ச நாளில் லண்டன்காரர் புது வழி ஒன்று சொல்லிக்கொடுத்தார். இனிமேல் மெயில் அனுப்ப வேண்டாம். ஒரே முகவரி, ஒரே பாஸ்வேர்டு, இரண்டு பேருக்கும் தெரியும். எழுதி, அனுப்பாமல் அப்படியே டிராப்டில் போட்டு வைத்துவிட வேண்டியது. மற்றவர் திறந்து படித்துக்கொள்வார். அடேங்கப்பா, என்ன மூளை என்று நான் மலைத்துப்போனேன். பாதி அனுப்பும்போது கரண்டு போய் ஆர்டர் தொலைகிற எங்கள் ஊருக்கு இது வரப்பிரசாதம் இல்லையா?

ஏன் ஒளித்துப் பேசுகிறான் என்று யோசிக்காமல், அவன் வித்தையை என் கண்டுபிடிப்பாக்கி ஊர் முழுக்கப் பரப்பினேன். அச்சாபீஸ்காரர், அட்டைப்பெட்டிக்காரர், லாரி புக்கிங்காரர் என்று எல்லாருக்கும் ஒவ்வொரு முகவரி திறந்துகொடுத்து, டிராப்டில் எழுதப் பழக்கினேன். அந்த சீசனில் சிவகாசி வியாபாரத்தில் பாதி, அனுப்பப்படாத மெயிலாகத்தான் நடந்தது. ஒரு பட்டாசு ஏஜெண்டு என் தோளைத் தட்டிச் சொன்னார்: “அண்ணாச்சி, ஒங்க மூளைக்கு நீங்க இங்கன இருக்க வேண்டிய ஆளே இல்ல. கவர்மெண்டு வந்து கூட்டிக்கிட்டுப் போகணும்.”

கவர்மெண்டு வந்தது

ஜீப்பில் வந்தது. மதுரையிலிருந்து ஒரு இன்ஸ்பெக்டர், கூட நாலைந்து பேர். வடக்கே ஒரு ரயில்வே ஸ்டேஷனில் குண்டு வைத்த பை ஒன்றைப் பிடித்திருக்கிறார்கள். புண்ணியத்துக்கு அது வெடிக்கவில்லை. ஆனால் ‘அடுத்தது வெடிக்கும்’ என்று டி.வி. கம்பெனிகளுக்கு மெயில் வந்திருந்தது, கூடவே ஒரு படம். இன்ஸ்பெக்டர் அதைப் பிரிண்ட் எடுத்துக் கொண்டுவந்து என் மேஜையில் விரித்தார். கொடி, கை, ஸ்டேஷன், பின்னால் பால்பாண்டியின் நெருப்பு. 

“எங்க கடைன்னு எப்படிய்யா கண்டுபிடிச்சீக?” என்று கேட்டேன். நுணலும் தன் வாயால் கெடும். இந்த நுணல் எழுத்தாலும் கெட்டிருந்தது. லேபிள் என்றால் அடியில் அச்சாபீஸ் பெயர் ஒரு வரி வந்தாக வேண்டும். அது போடாமல் பால்பாண்டிக்குக் கை நிற்காது. அந்தப் படத்திலும் ஓரத்தில் பொடி எழுத்துக்கு இடம் விட்டான். அச்சாபீஸ் பெயரைப் போட்டால் முதலாளி வைவார் என்று தயங்கினவனிடம், “உலகமே பாக்கப்போகுது, நம்ம கடையைப் போடுலே” என்று சொன்ன புத்திசாலி நான்தான். தமிழ் தெரியாத லண்டன்காரன் அதைப் பூவேலை என்று நினைத்திருக்க வேண்டும். வானவில் நெட் சென்டர், சிவகாசி, எல்லாம் தமிழில் இருந்தது. இன்ஸ்பெக்டர் அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார்: “பதினெட்டு வருச சர்வீஸ்ல, மிரட்டல் போஸ்டருக்கு அடியில ‘குறைந்த செலவில் கலர் பிரிண்ட் எடுத்துத் தரப்படும்’னு இப்பத்தான்யா பாக்கிறேன்.”

கூட்டாளி

என்னை முட்டாள் என்று முடிவு கட்ட அவர்களுக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. டிராப்டு வித்தையை ஊருக்கே சொல்லிக்கொடுத்ததை நானே பெருமையாகச் சொன்னதும் முடிவே பண்ணிவிட்டார்கள். அது குண்டு வைக்கிற கூட்டங்கள் போலீஸ் கண்ணில் படாமல் பேசிக்கொள்கிற வழியாம். ஆனால் பால்பாண்டியை விடவில்லை. படம் போட்டவன் அவன். ஸ்டேஷனுக்குப் பின்னால் நெருப்பைப் போட்டவன் அவன். தெரியாமல் செய்தான் என்று எழுதுவதா, கூட்டாளி என்று எழுதுவதா என்பது மேலிடத்தின் கையில் இருந்தது. கூட்டாளி என்று எழுதிவிட்டால் அவன் வெளியே வரும்போது தலை நரைத்திருக்கும்.

செல்லக்கனி வேலையிலிருந்து அப்படியே ஓடிவந்து போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றாள். முழங்கை வரைக்கும் அலுமினியப் பவுடர் மினுங்கிக்கொண்டிருந்தது. என்னை அவள் ஒரு வார்த்தை வையவில்லை. வைதிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். எனக்கு வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன. “இந்தப் பிள்ளை பூச்சிக்குக்கூடத் தீங்கு நினைக்காதே, இவனை அந்த லண்டன்காரன் எப்படிய்யா தேடிப் பிடிச்சான்?” என்று இன்ஸ்பெக்டரிடம் கேட்டேன். அவர் கோபப்படாமல்தான் சொன்னார்: “அவங்க முதல்ல கெட்டவனைத் தேட மாட்டாங்க. நெட்ல யாரும் சீந்தாம தனியாக் கெடக்கிறவனைத்தான் தேடுவாங்க. பாராட்டுறதுக்குக் காசா பணமா?”

கடைசிப் படம்

இன்ஸ்பெக்டர் ஒரு வழி சொன்னார். புதுப்படம் ஒன்று தயார் என்று அந்த டிராப்டில் பால்பாண்டி எழுத வேண்டும். லண்டன்காரன் அதை எந்தக் கம்ப்யூட்டரில் திறக்கிறான் என்று இவர்கள் பார்த்துப் பிடித்துவிடுவார்கள். பழைய படம் ஒன்றைப் போட்டால் போதும் என்றார். பால்பாண்டி தலையை ஆட்டினான். “பழசு வேண்டாம்யா, அவுக கண்டுபிடிச்சிருவாக” என்று என் கடைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தான். சுற்றிலும் போலீஸ். காலையில் ஆரம்பித்தவன் சாயங்காலம்தான் நிமிர்ந்தான். கொடி இல்லை, கை இல்லை. ஆட்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, ஊருக்கு மேலே இருட்டு வானம் முழுக்க ஒரே ஒரு வாணம் விரிந்திருந்தது. அவன் அதுவரை போட்டதிலேயே அதுதான் நல்ல படம். இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். நானோ பயத்தில், “சீக்கிரம் ஏத்துப்பா” என்றேன்.

சில நாளில் ஆள் பிடிபட்டான். லண்டனும் இல்லை ஒன்றும் இல்லை. வடக்கே ஒரு சின்ன ஊரில், என்னை மாதிரி எவனோ ஒரு கூறுகெட்டவன் நடத்துகிற பிரவுசிங் சென்டரில், அந்தப் படத்தைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதே அமுக்கியிருக்கிறார்கள். பால்பாண்டி தெரியாமல் செய்தான் என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். செய்தி சொல்ல இன்ஸ்பெக்டரே கடைக்கு வந்த அன்றைக்குச் செல்லக்கனி அழுதுகொண்டே கடை வாசலில் சூடம் கொளுத்தினாள். நான் எல்லாருக்கும் காப்பி வாங்கிக்கொடுத்தேன். பால்பாண்டி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் இன்ஸ்பெக்டர் பக்கத்தில் போய் நின்றான். நன்றி சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். ரொம்பத் தணிந்த குரலில் அவன் கேட்டான்: “அந்தப் படத்தை முழுசாப் பாத்துட்டாராய்யா? எப்படி இருக்குன்னு எதுவும் சொன்னாரா?”

அன்றையிலிருந்து எவன் எந்தப் படத்தைக் கொண்டுவந்து நீட்டினாலும், வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்து பார்த்து, “நல்லா இருக்குலே” என்று வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். இந்த தேசத்தின் பாதுகாப்புக்கு ஒரு பிரவுசிங் சென்டர்காரனால் முடிந்தது அம்புட்டுதான்.