எஃப் ஒன் பட்டனில் ஒட்டிய பொட்டு

கடலோரப் புதுப்பட்டினத்தில் நானும் என் கணவரும் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறோம். படம் எடுப்பது அவர், கம்ப்யூட்டரில் ஆல்பம் செய்வது நான்.

ஒருநாள் காலை கம்ப்யூட்டரைப் போட்டதும் கறுப்புத் திரையில் ‘301’ என்ற எண்ணும், அதன் கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரியும் வந்து நின்றன. கூப்பிடாமலே வந்தார் என் கொழுந்தனார். கம்ப்யூட்டரையே தான்தான் கண்டுபிடித்தது போலப் பேசுகிறவர்.

“இன்னா அண்ணி, இதுக்குப் போய் பேஜாராவுறீங்க? அது சும்மா மெரட்டுது. எஃப் ஒன் தட்னா பூடும்.”

தட்டினார், போய்விட்டது. நான் மறக்காமலிருக்க என் ஸ்டிக்கர் பொட்டையே அந்தப் பட்டனில் ஒட்டியும் கொடுத்தார் மேதை. மூன்று வாரம் தினமும் பொட்டைத் தட்டினேன். அந்த இரண்டு வரியை ஒருநாளும் படிக்காத நான் மட்டும் என்ன புத்திசாலி?

பிறகு ஹார்ட் டிஸ்க் செத்தது. உள்ளே ஒரு முழுக் கல்யாணம்.

“உப்புக் காத்து அண்ணி, இன்னா பண்றது?” என்றார் மேதை.

தினமும் வந்த 301-ஐப் பற்றிச் சொன்னதும் செங்கல்பட்டு சர்வீஸ் கடைக்காரர் சிரித்தார். “டிஸ்க் சாவப்போவுது, உடனே காப்பி எடுன்னுதாம்மா தினமும் எழுதிக் காட்டிகினு இருந்திருக்கு.”

காப்பாற்றியது என் கணவரின் சோம்பேறித்தனம். நான் எத்தனை திட்டியும் கேமரா கார்டை அவர் அழிக்கவே இல்லை. படங்கள் அப்படியே இருந்தன.

இப்போது எல்லாவற்றையும் இரண்டு டிஸ்க்கில் வைக்கிறேன். திரையில் எண் வந்தால் கீழே உள்ள வரிகளை முழுக்கப் படிக்கிறேன். அதற்கு முன், கொழுந்தனாரை டீ வாங்கிவர அனுப்பிவிடுகிறேன்.