ஐந்து நிமிடமும் ‘அவர்களே’

ஐந்தாம் வகுப்புப் படித்தபோது நான் ஒரு பேச்சாளனாக இருந்தேன். ஒரே ஒரு நாள்தான். சிதம்பரத்தில் எங்கள் பள்ளி ஆண்டு விழா. தலைப்பு பெண் கல்வி, நேரம் ஐந்து நிமிடம். பேசியது நான் என்றாலும் பேச்சை எழுதியவள் அக்கா.

எட்டாம் வகுப்பில் முதலாவதாகத் தேறியவள் அவள். பெரியவளான கையோடு அப்பா படிப்பை நிறுத்திவிட்டார். ஜூன் மாதம் வந்தால் ஒன்பதில் சேர்த்துக்கொள்கிறேன் என்று பெண்கள் பள்ளித் தலைமையாசிரியை இரண்டு முறை ஆள் அனுப்பிப் பார்த்தார். அப்பா பிடிகொடுக்கவில்லை. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கீழவீதி ஜவுளிக்கடையில் வந்தவர்களிடமெல்லாம் வாய் ஓயாமல் பேசுகிறவர், வீட்டில் இந்தப் பேச்சை எடுத்தால் மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். அவர் முன்னால் நின்று ஒன்றைக் கேட்கும் வழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. அம்மாவுக்கும் இல்லை.

ஆனால் ஆண்டு விழாவில் அப்பாவுக்கு முன்வரிசை நாற்காலி. மேடைக்குத் திரைத்துணி கொடுத்தவர் அவர்தான். மகன் மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போது துண்டை உதறிக்கொண்டு எழுந்து போக முடியாது. அக்கா போட்டுவைத்திருந்த திட்டம் இதுதான்.

பத்து நாள் என்னைச் சமையலறையில் நிறுத்திப் பழக்கினாள். மைக்குக்குப் பதிலாக எதிரில் ஒரு மோர் மத்து. பேச்சு வேகமாக ஓடினால் தலையில் ஒரு குட்டு விழும். “கூட்டத்த பாக்காத, பயம் வந்துடும். யாராச்சும் ஒருத்தர பாத்துப் பேசு. கடைசி வரி வரப்ப அப்பாவ பாரு” என்பாள். அந்தக் கடைசி வரி இது: ‘இங்கே அமர்ந்திருக்கும் தந்தையரே, உங்கள் வீட்டிலும் ஒரு பெண் புத்தகங்களை அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள், அவளை அனுப்பிவையுங்கள்.’ இதை மட்டும் ஐம்பது தடவையாவது சொல்லவைத்திருப்பாள். எனக்கு அலுப்பாக இருந்தது. ஒரு வரிக்கு எதற்கு இவ்வளவு பாடு என்று நினைத்தேன்.

விழாவன்று கடலூரிலிருந்து மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் தம்பி. மைக் செட் வைத்துத் தொழில் செய்தவர். கட்சிக் கூட்டம், கல்யாணம், காதுகுத்து என்று எல்லாவற்றுக்கும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டியவர் என்பதால், மேடைப் பேச்சு என்றால் என்னவென்று தனக்குத்தான் தெரியும் என்று நம்பினார்.

அக்காவை விழாவுக்கு விடவில்லை. “மாமா, ஒரு கொழாய நம்ம வீட்டுப் பக்கமா திருப்பி வைங்களேன்” என்று அவள் கேட்டாள். பள்ளி அடுத்த தெருதான். மாமா உடனே ஒத்துக்கொண்டார். பிறகு என்னைத் தனியே இழுத்துப் போனார்.

“மாப்ள, எடுத்த எடுப்புலயே விஷயத்துக்குப் போயிடாத. மேடையில இருக்கறவுங்க பேர ஒண்ணு வுடாம சொல்லு. பட்டமெல்லாம் ஜாஸ்தியா போடு. அப்பறம் பாரு, எப்படி கை தட்டறாங்கன்னு.”

அக்கா எழுதிய தாளில் ‘பெரியோர்களே’ என்று ஒரே ஒரு சொல்தான் இருந்தது. எனக்கு மாமாவின் யோசனை பிடித்துவிட்டது.

மேடையேறி, “தலைவர் அவர்களே” என்றேன். என் குரல் எதிர்ச்சுவரில் மோதி, ஒரு பெரிய மனிதரின் குரலாகத் திரும்பி வந்தது. அந்தச் சுகத்தை அதுவரை நான் அறிந்ததில்லை. இன்னும் கொஞ்சம் கேட்கலாம் என்று ஆசையாக இருந்தது. மங்கலம்பேட்டையிலிருந்து வந்திருந்த சிறப்பு விருந்தினரை, விழாவுக்கு ஒளியூட்டிக்கொண்டிருக்கும் வள்ளல் பெருந்தகை அவர்களே என்று அழைத்தேன். கூட்டம் கை தட்டியது. வள்ளல் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு என்னை யாராலும் நிறுத்த முடியவில்லை. வாத்தியார்களை வகுப்பு வாரியாக அழைத்தேன். மதிய உணவு சமைக்கும் அம்மையாரை அழைத்தேன். நேரம் பார்த்து மணியடிக்க நின்ற டிரில் வாத்தியாரையும் விடவில்லை. அவர் சிரித்துக்கொண்டே முதல் மணியை அடித்தார். ஒலிபெருக்கி அமைத்துத் தந்த ஆருயிர் மாமா அவர்களே என்றதும் மாமா சத்தத்தைக் கூட்டி வைத்தார். முன்வரிசையில் வீற்றிருக்கும் என் அருமைத் தந்தையார் அவர்களே என்றபோது அப்பா வெட்கத்துடன் தலையைக் குனிந்துகொண்டார்.

“பெண் கல்வி என்பது” என்று தொடங்கினேன். இரண்டாவது மணி அடித்துவிட்டது. “நன்றி, வணக்கம்” என்று இறங்கினேன்.

கை தட்டல் ஓயவே இல்லை. மேடைக் கூச்சமே இல்லாத சிறுவன் என்று வள்ளல் எனக்குத் தனியாக ஒரு பரிசு கொடுத்தார். ரோஜா நிறச் சோப்பு டப்பா.

வீட்டு வாசலில் அக்கா நின்றிருந்தாள்.

“கேட்டுச்சாக்கா?”

“கேட்டுச்சுடா. எல்லாம் கேட்டுச்சு. கொரலு நல்லா கணீர்னு இருந்துச்சு” என்று சோப்பு டப்பாவை வாங்கித் திறந்து பார்த்து, மூடிக் கொடுத்தாள்.

அப்பாவும் மாமாவும் நானும் சாப்பிட உட்கார்ந்தோம். அப்பாவை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை. “மச்சான், பையன் பின்னிட்டான்” என்றார். அக்கா பரிமாறிக்கொண்டிருந்தாள். எனக்கு ரசம் ஊற்றக் குனிந்தபோது, காதருகில் மெதுவாக, “மிச்சத்த இப்ப அப்பாவுக்குச் சொல்லிக் காட்டேன். கடைசி வரி மட்டும் சொன்னாகூட போதும்” என்றாள்.

நான் எல்லோருக்கும் கேட்கும்படி, “மைக் இல்லாம எப்படிக்கா பேசறது?” என்றேன்.

மாமா புரையேறும்வரை சிரித்தார். அப்பா சிரித்தார். கடைசியில் அக்காவும் சிரித்துவிட்டு, ரசச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஜூன் வந்தது. நான் ஆறாம் வகுப்புக்குப் போனேன். அக்கா எங்கும் போகவில்லை. தை மாதம் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. மாமாதான் மைக் செட்.

அந்தக் கடைசி வரி இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். அன்று அதற்கு மைக்கும் மேடையும் தேவைப்படவில்லை. அதைக் கேட்கவேண்டிய ஒரே ஒருவர் எனக்கு எதிரே, சிரித்த முகத்தோடு, ரசம் சாதம் பிசைந்துகொண்டிருந்தார். எனக்குத்தான் அது தெரியவில்லை.